மூன்றாவது முடிச்சு

என் தம்பியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், அத்தை என்னை ஒரு பித்தளைக் குடத்தின் முன்னால் உட்காரவைத்து முடிச்சுப் போடச் சொன்னாள். குடத்தின் கழுத்துதான் மணப்பெண்ணின் கழுத்து. மஞ்சளில் நனைத்த கயிறு விரலில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இறுக்கிப் போடுட்டி. கொடத்துக்கு ஒண்ணும் வலிக்காது."

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்திருந்தாள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முடிவு. அது உண்மையும்கூட. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்த நானும் தம்பியும் பார்த்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் வங்காளிக் கல்யாணங்கள். எப்போது சங்கு ஊதுவார்கள், எப்போது குலவை இடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாது.

"மாப்பிள்ளை ஒரு முடிச்சு. மீதி ரெண்டும் நாத்தனா," என்றாள் அத்தை. "சடையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு அவன் போட்டதுக்கு மேலயே ஒண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே போடணும். வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் என் கண் பாயில் கிடந்த குழந்தையின் மேல் இருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ஒன்பது நாட்களுக்கு முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அனுப்பும்போது டாக்டர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்: "அழுதால் பயப்படாதீர்கள். அழுகிறாள் என்றால் நன்றாக மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அடங்கிப்போனால் மட்டும் என்னவென்று பாருங்கள்." இரண்டு வாக்கியங்களில் முதலாவதை நான் அன்றே மறந்துவிட்டேன். இரண்டாவதை இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, இந்த முடிச்சை சித்தப்பா பொண்ணு போடக் கூடாதா? அவளும் தங்கச்சிதானே. எனக்குப் பிள்ளையை விட்டுட்டு மேடையில நிக்க..."

"கூடப் பொறந்தவ நீ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ எதுக்கு? நாளைக்கு எவளாவது ஒரு சொல்லு சொல்லுவா."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு நிமிசம்தானட்டி. ஒரு நிமிசம் பிள்ளைய யாரும் வச்சிக்கிட மாட்டாகளா?"

நான் புள்ளியியலில் முதுகலை படித்தவள். ஒரு நிமிடத்தில் ஏதாவது ஆவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள முடியும். சொல்லிக்கொண்டேன். அத்தை தலையாட்டும்வரை குடத்துக்கு ஏழு தடவை தாலி கட்டினேன்.

*

பாலிகஞ்சில் டிராம் போகும் சாலையின் மேல் ஒரு பழைய வீடு. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். கூடத்தில் மேடை போட்டிருந்தோம். ஜன்னல்கள் உயரத்தில் இருந்ததால் ஓமப் புகை வெளியே போக வழியில்லாமல் தலைக்கு மேலேயே நின்றது. அதைப் பார்த்ததும் புகை எட்டாத மூலை எங்காவது இருக்கிறதா என்று தேடினேன்.

என் கணவர் மண்டபத்தில் இல்லை. சென்னை ரயில் ஏழு மணி நேரம் தாமதம். பெரிய மாமாவை அழைத்துவர விடியற்காலையே ஹவுராவுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அம்மாவை மேடையிலிருந்து நகர விடமாட்டார்கள். அத்தை மாப்பிள்ளையின் பின்னால். ஆகவே குழந்தையை மாஷிமாவின் கையில் கொடுத்தேன். சால்ட் லேக் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீட்டு வங்காள அம்மா அவர்; மாஷிமா என்றால் சித்தி. மூன்று பிள்ளைகள் வளர்த்தவர். கஞ்சி போட்ட வங்காளக் கைத்தறிப் புடவையில் வந்திருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போ. நான் இருக்கேன் இல்லையா?" என்று வங்காளத்தில் சொன்னார். நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "என்ன, என் கை மேல நம்பிக்கை இல்லையா?" என்றும் கேட்டார். அதன்பின் எப்படி நிற்க முடியும்?

மணப்பெண் கரக்பூர் ரயில்வே குடும்பம். அவள் அப்பாவுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்தவர்கள். அதற்கு முன் நான் அவளிடம் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பேன். மேடையில் நான் அவள் பின்னால் போய் நின்றதும் தலையைத் திருப்பாமலேயே, "அண்ணி, சடை ரொம்ப கனம். கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, ப்ளீஸ்," என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

குழந்தை அழத் தொடங்கியது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, புகைக்கும் பேச்சுக்கும் நடுவில், அது என் குழந்தையின் அழுகை என்று எனக்குத் தெரிந்தது. பரவாயில்லை, அழுகிறாள் என்றால் மூச்சு விடுகிறாள்.

ஐயர் விரலை ஆட்டினார். கெட்டிமேளம் இடித்தது. அட்சதை மழையாக விழுந்தது. தம்பி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்ததும் அத்தை என் முழங்கையை இடித்தாள். சடையை இடது தோளால் தாங்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அவன் முடிச்சுக்கு மேலேயே ஒன்று போட்டு இறுக்கினேன். 'ரெண்டு' என்று எண்ணினேன். இரண்டு நுனிகளையும் மறுபடி ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். அவள் பிடரியில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. அத்தனை மேளத்துக்கு நடுவிலும் அந்த அழுகை தனியாக ஒரு நூல்போல எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது நின்றது.

அதற்கு அடுத்து எனக்கு நினைவிருப்பது வாசல். மாஷிமா நடைபாதையில் நின்றிருந்தார். அவர் தோளில் என் மகள், கன்னத்தில் காயாத கண்ணீரோடு, வாயைத் திறந்தபடி, மணியடித்துக்கொண்டு போகும் டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராம் பாக்கறா," என்றார் மாஷிமா. "புகையில இருமினாள், வெளியே கொண்டுவந்தேன். நீ ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடிவர்றே? உள்ளே கல்யாணம் நடக்குதே!"

குழந்தையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தது. உள்ளே மூச்சு நன்றாக வந்து போய்க்கொண்டிருந்தது. என் மூச்சுதான் திரும்பவில்லை.

மேடைக்குத் திரும்பியபோது தம்பியும் அவளும் அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வலது கையைத் தம்பி பிடித்திருந்தான். இடது கையை அவள் பிடரியில் வைத்திருந்தாள். பாவம், சடை கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கட்டி போன? மெட்டி போட நேரமாச்சு," என்றாள் அம்மா. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பொண்ணு அழகா முடிச்சுப் போட்டா," என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பந்தியில், இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எனக்கு முதன்முதலாகத் தோன்றியது: மூன்றாவது முடிச்சை நான் இறுக்கினேனா?

*

வீடியோ கேசட் வந்தால் தெரிந்துவிடும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன்.

வீடியோக்காரர் வங்காளி. எங்கள் கல்யாணம் எதையும் அதற்கு முன் எடுத்ததில்லை. அவருக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண்ணின் வகிட்டில் சிந்தூரம் வைக்கும் நொடிதான். மேளம் உச்சத்துக்குப் போனதும், இதோ வைக்கப்போகிறார்கள் என்று மணப்பெண்ணின் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். தாலி கட்டியது முழுவதும் கேசட்டில் அவளுடைய நெற்றியும் கண்களும் வாயும்தான். தம்பியின் கை ஒரு முறை குறுக்கே போகிறது. என் வளையல் ஓரத்தில் ஒரு நொடி தெரிகிறது. பிறகு தம்பி குங்குமம் வைப்பதை மூன்று நிமிடம் எடுத்திருக்கிறார், நான்கு கோணத்தில்.

"என்ன அண்ணா, தாலியையே விட்டுட்டீங்களே!" என்று தம்பி அவரைக் கேட்டானாம். "பெண் முகத்தை எப்படி எடுத்திருக்கேன் பாருங்க," என்று அவர் வருத்தப்பட்டாராம். தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் தாலியைப் பிரித்துப் பொன் சங்கிலியில் கோத்தார்கள். பழைய கயிற்றைப் பார்க்கலாம் என்று அரை நாள் லீவு போட்டு ஜாதவ்பூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அதைக் கத்தரித்து எடுத்து, தட்டில் பூவோடு வைத்து, அப்பா கங்கையில் விட்டுவிட்டு வந்திருந்தார். கத்தரித்தார்கள் என்றால் முடிச்சு இருந்திருக்கிறது. ஆனால் எத்தனை முடிச்சு? யாரிடமும் கேட்க முடியவில்லை.

இனி அந்தக் கயிறே இல்லை, இல்லாத கயிற்றில் எந்த முடிச்சு இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொன்னேன். படித்தவள் அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் அது நன்றாகவே பலித்தது.

*

தம்பி மனைவிக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. "முதல்ல இப்படி ஆகறதுதான்," என்றார்கள் எல்லோரும். இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. வீட்டில் விட ஆள் இல்லாமல் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, ஏன் படுத்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி மனைவி கையை நீட்டி அவள் தலையைத் தடவினாள். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. என் குழந்தையின் அழுகைக்காக அவளுடைய முடிச்சை விட்டுவிட்டு ஓடியவள் நான். என் குழந்தை நின்றுகொண்டிருக்கிறது. அவளுடையது இல்லை. இப்படி நினைப்பது முட்டாள்தனம் என்று தெரிந்தது. தெரிந்ததால் எதுவும் குறையவில்லை.

டாக்டரம்மா தம்பியையும் அம்மாவையும் உட்காரவைத்து விளக்கினார். கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது. அடுத்த முறை மூன்றாம் மாத முடிவில் ஒரு தையல் போட்டுவிட்டால் தாங்கும். நிறையப் பேருக்கு இருப்பதுதான். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் மூன்று தடவை சொன்னேன். அம்மா மூன்று தடவையும், "சரி சரி," என்றாள். பிறகு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஜோசியரிடம் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாதவ்பூர் வீட்டில் நானும் தம்பி மனைவியும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா தரையில் உட்கார்ந்து மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரிடமும் இல்லாமல் பொதுவாகத் தொடங்கினாள்.

"நாம ஒரு கொறையும் வைக்கலியே. நேரங்காலம் பாத்து, முறை தப்பாமதான செஞ்சோம். எங்கயோ என்னமோ இருக்கு. நம்ம பக்கம் இல்ல."

நம் பக்கம் இல்லை என்றால் யார் பக்கம்? தம்பி மனைவி ஒரு காயை உரித்தாள். உள்ளே பட்டாணி எல்லாம் சிறுத்துப்போயிருந்தது. அதையும் கிண்ணத்தில் போட்டாள். 'அம்மா, குறை நம் பக்கம்தான், என்னிடம்' என்ற வாக்கியம் என் வாயில் முழுதாக இருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அம்மா தாங்குவாளா? தம்பி என்ன நினைப்பான்? அவளே என்னை மன்னிப்பாளா? யோசித்து முடிப்பதற்குள் பட்டாணி தீர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அவள், "அம்மா வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு வரேன்," என்று கரக்பூர் போனாள். மாதம் நான்காகியும் வரவில்லை. சால்ட் லேக்கை ஒட்டிய செக்டர் ஃபைவில் வேலை முடிந்து தம்பி சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எப்போடா வர்றா?" என்று கேட்டால், "கேட்டா 'வரேன்'னுதான் சொல்றா," என்பான்.

*

கேசட்டை சி.டி.யாக மாற்றப்போகிறேன் என்று சொல்லி அம்மா வீட்டிலிருந்து வாங்கிவந்து வைத்திருந்தேன். நூறு தடவை பார்த்திருப்பேன். ஓரத்தில் வந்து போகும் என் வளையலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கை எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று எண்ணிப் பார்ப்பேன். ஒரு முறை இரண்டு முடிச்சுக்கு நேரம் இருந்ததுபோலத் தோன்றும். மறுமுறை இருக்காது.

ஒரு மத்தியானம் மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்துவிடுவாளே என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் போட்டேன். மேளம் இல்லாமல் அந்தக் காட்சியை அன்றுதான் பார்த்தேன். அட்சதை சத்தமில்லாமல் விழுந்தது. என் வளையல் வந்தது. அப்போது அவள் தலையை லேசாக இடது பக்கம், நான் நின்ற பக்கமாகச் சாய்த்தாள். அவள் உதடு அசைந்தது.

இத்தனை நாளும் அதை நான் பார்க்காமல் இல்லை. சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். சாமியை வேண்டுகிறவள் தலையைத் தோள் பக்கம் திருப்பமாட்டாள். அவள் என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

அந்த சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு கரக்பூருக்கு லோக்கல் ஏறினேன். வீட்டில், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். இறங்கும்போது ஒரு வரியும் நினைவில் இல்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். "அரே, அண்ணி! சொல்லாம கொள்ளாம!" என்று ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். சாப்பாடு முடிந்து, அவள் அம்மா என் மகளைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் காட்ட அழைத்துக்கொண்டு போன பிறகுதான் வாய் வந்தது.

"உன் கல்யாணத்துல மூணாவது முடிச்சு... நான் போட்டேனான்னு எனக்குத் தெரியல. குழந்தை அழுகை நின்னுது. நான் ஓடிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "போடல, அண்ணி."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என் கழுத்துதானே. நீங்க நுனியைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க. கை சில்லுனு இருந்துச்சு. குழந்தைக்கு என்னமோன்னு எனக்குப் புரிஞ்சுது. அதான் 'போங்க அண்ணி, நான் பிடிச்சிக்கறேன்'னு சொன்னேன். சொன்னதும் போனீங்க."

"நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லையே."

"கேட்டுதான் போனீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அக்கினியைச் சுத்தும்போதெல்லாம் ஒரே நெனப்பு, அவிழ்ந்துடக் கூடாதுன்னு. இடது கையால பிடிச்சிக்கிட்டேதான் சுத்தினேன். அப்புறம் பொடவை மாத்தற ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு நானே முடிச்சு போட்டுக்கிட்டேன். எனக்கு நானே. அப்படிப் போடலாமான்னு யாரைக் கேக்கறது? உங்களைக் கேட்டா நீங்க வருத்தப்படுவீங்க. எங்கம்மாவைக் கேட்டா செத்தே போயிடுவாங்க."

வாசல் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டே அவள் மேலே சொன்னாள்.

"முதல் தடவை ஆனப்ப அதை நெனக்கல. ரெண்டாவது தடவை நெனச்சேன். அன்னிக்கு அத்தை 'நம்ம பக்கம் கொறை இல்ல'ன்னாங்களே, பட்டாணி உரிச்சப்போ. கரெக்ட்தானே? நான்தானே போகச் சொன்னேன், நான்தானே போட்டுக்கிட்டேன். அவங்க எதிர்ல இனிமே எப்படி உக்கார்றது?"

"டாக்டரம்மா சொன்னாங்களேம்மா. ஒரு தையல்..."

"தெரியும் அண்ணி. நானும் பி.எஸ்ஸி.தான்," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். இத்தனை நாளும் ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவளுடையது என்னுடையதைவிடப் பெரியது. அவளுக்கு ஓடிப்போய்ப் பார்க்க ஒரு குழந்தையும் இல்லை.

கிளம்பும்போது, "வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். அவள் என் மகளுக்கு வழியில் தின்ன முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

*

மறுநாள் காலை ஜாதவ்பூருக்குப் போனேன். அம்மா தோசைக்கல்லின் முன் நின்றிருந்தாள். மகள் தாத்தாவிடம் ஓடினாள். அன்று யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"அம்மா, தம்பி கல்யாணத்துல நான் ரெண்டு முடிச்சு போடல. ஒண்ணுதான் போட்டேன். பாதியில பிள்ளையப் பார்க்க ஓடிட்டேன்."

தோசை தீய்ந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள்.

"என்னட்டி சொல்லுத?"

மறுபடி சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வந்தது வேறு. நெடுநாளாகத் தேடிய சாவி கிடைத்தவளின் முகம் அது.

"அதானே பாத்தேன். எங்கயோ என்னமோ இருக்குன்னு எம் மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நாலு வருசமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கியே, நீ பொம்பளையா? அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ஐயரக் கூப்ட்டு சரி பண்ணியிருக்கலாம்லா? பிள்ள அழுதா அழுதுட்டுப் போகுது, அதுக்காக..."

கூடத்தில் என் மகள் தாத்தாவுக்கு ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லும் குரல் கேட்டது. பாதி தமிழ், பாதி வங்காளம். அம்மா நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல்லாத மிச்சம் எனக்குக் கேட்டுவிட்டது. இனி இந்த வீட்டில் எது சரியில்லாமல் போனாலும் ஒரு பார்வை என் மகள் மேலும் போகும். அதை நான்தான் செய்தேன். ஒருத்தி மேலிருந்து எடுத்து இன்னொருத்தி மேல் வைத்துவிட்டேன். டாக்டரம்மா சொன்னதை அம்மா ஏற்கும்படி சொல்லத் தெரிந்திருந்தால் யார் மேலும் வைக்க வேண்டியிருந்திருக்காது. எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போனிடம் போனாள். கரக்பூர் எண்ணை அவளே சுழற்றியதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்மா, நான்தான். ஒரு வார்த்த கேளு. ஒம் மேல ஒரு கொறையும் இல்லம்மா. எங்க பிள்ளைதான் முடிச்சு போடாம விட்டுட்டா, இப்பதான் சொல்லுதா. ஒம் மேல ஒண்ணும் இல்ல. கேக்குதா? நாம அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சிக்கிடலாம்." அம்மா மறுபடி, மெதுவாக, "ஒம் மேல ஒண்ணும் இல்ல தாயி," என்றாள். ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"ம்."

"நான் உங்களைப் போகச் சொன்னதையும் சொல்லிட்டீங்களா? நானே போட்டுக்கிட்டதையும்?"

"இல்ல. அதெல்லாம் எதுக்கு? இதோட முடிஞ்சுது."

அவள் பக்கம் தூரத்தில் எஞ்சின் ஒன்று ஊதியது.

"உங்க தலையில மட்டும் வெச்சுட்டு நான் எப்படி இருக்கறது, அண்ணி? அதை நான்தான் சொல்லணும். சனிக்கிழமை வரேன். வந்து அத்தைகிட்ட நானே சொல்றேன்."

இப்போதுதானே அவள் மேலிருந்து இறங்கியது, மறுபடி ஏற்றிக்கொள்ள வருகிறாளே என்று எனக்குத் திக்கென்றது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வராமலே இருந்துவிடுவாளோ என்று அதையும் விழுங்கினேன். உள்ளே அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மகள் என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணி வண்டி?" என்று கேட்டேன்.